கடலுக்கடியில் ஒரு கணக்கு

பள்ளி நாட்களில் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்ற நாவல் என் கைக்குக் கிடைத்தது. அட்டையைப் பார்த்ததுமே ஒரு தவறு செய்தேன். இருபதாயிரம் லீக் என்பது கப்பல் இறங்கும் ஆழம் என்று எண்ணிக்கொண்டேன். நீங்களும் அப்படி நினைத்திருக்கலாம். இந்த நாவலில் ஒரு லீக் என்பது 4 கிலோமீட்டர். 20,000 லீக் என்றால் 80,000 கிலோமீட்டர். பூமியின் விட்டமோ சுமார் 12,740 கிலோமீட்டர்தான்! ஆகவே அது ஆழமாக இருக்க முடியாது. அது கடலுக்கடியில் கடந்த தூரம். பூமியை இரண்டு முறை சுற்றி வருவதற்குச் சமம்.

அன்று முதல் அந்த நாவலைத் தாளும் பென்சிலுமாகவே படித்தேன்.

இது 1869, 1870 ஆம் ஆண்டுகளில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. கப்பல்கள் பாயாலும் நீராவியாலும் ஓடிய காலம் அது. வெர்னின் கதாநாயகன் காப்டன் நெமோவோ மின்சாரத்தால் ஓடும் ‘நாட்டிலஸ்’ என்ற நீர்மூழ்கிக் கப்பலில் உலகக் கடல்களையெல்லாம் சுற்றுகிறான். அதன் நீளம் 70 மீட்டர்.

மன்னார் கடலில்

கதையில் அந்தக் கப்பல் நம் பக்கத்துக் கடலுக்கும் வருகிறது. இலங்கையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகையை நெமோ தன் விருந்தினருக்குக் காட்டுகிறான். அங்கே ஏழை இந்தியர் ஒருவர் தனியாக முத்துக் குளிக்கிறார். கால்களுக்கிடையே ஒரு கல். அதைப் படகோடு இணைக்க ஒரு கயிறு. வேறு கருவி ஏதும் இல்லை. ஒரு முறை மூழ்கினால் சராசரியாக 30 விநாடிகள்தான் இருக்க முடியும் என்கிறது நாவல். திடீரென்று ஒரு சுறா பாய்கிறது. நெமோவும் தோழர்களும் அவரைக் காப்பாற்றுகிறார்கள். நெமோ ஒரு பை நிறைய முத்துக்களை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

சுறாவைப் படித்தபோது என் மூச்சே நின்றுவிட்டது. ஆனால் பென்சிலை எடுத்தபோதுதான் அந்த மனிதரின் உண்மையான துன்பம் புரிந்தது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவரைப் போல முத்துக் குளிப்பவர்கள் மூழ்கும் ஆழம் 12 மீட்டர் என்கிறது நாவல். மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் 2.2 வளிமண்டலம். நீங்கள் படித்த பாயில் விதியைப் பயன்படுத்துங்கள். 5 லிட்டர் காற்றை உள்ளிழுத்துக்கொண்டு மூழ்கினால், கீழே அது சுமார் 2.3 லிட்டராகச் சுருங்கிவிடும். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்று முத்துக் குளித்தவர்கள் நாள்தோறும் இப்படித்தான் மூழ்கினார்கள்.

தவறு யாருடையது?

பிறகு கப்பல் தென் அட்லாண்டிக் கடலில் 16,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே அழுத்தம் சுமார் 1,600 வளிமண்டலம். கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தின் மீது 1,600 கிலோகிராம் எடையை ஏற்றியதுபோல! வெர்னும் இதே எண்ணைத்தான் தருகிறார். அவர் கணக்கு சரி.

ஆனால் தேசப்படத்தைப் புரட்டிய நான் திகைத்துப்போனேன். உலகிலேயே ஆழமான பகுதி பசிபிக் கடலில் உள்ள மரியானா அகழி. அதுவே சுமார் 11,000 மீட்டர்தான். மறுநாள் ஆசிரியரிடம் ஓடினேன்.

“சார், இந்தப் புத்தகத்தில் தப்பு இருக்கிறது. இனி இதைப் படிக்கப்போவதில்லை.”

அவர் சிரித்துக்கொண்டே, “தப்பு யாருடையது? கதை எழுதினவருடையதா, கடலை அளந்தவருடையதா? மறுபடி படித்துவிட்டு வா” என்றார்.

படித்தேன். விடை அந்தப் பக்கங்களிலேயே இருந்தது. அதே கடலில் டென்ஹாம் என்ற காப்டன் 14,000 மீட்டர் கயிறு விட்டும், பார்க்கர் என்ற அதிகாரி 15,140 மீட்டர் கயிறு விட்டும் தரையைக் காணவில்லை என்று வெர்ன் குறிப்பிடுகிறார். அவர் மனம்போன போக்கில் எழுதவில்லை. தம் காலத்து அளவைகளை நம்பினார்.

அளவை ஏன் பொய்த்தது? குண்டு கட்டிய நீண்ட கயிற்றைக் கடலில் விட்டு ஆழம் பார்த்த காலம் அது. குண்டு தரையைத் தொட்டுவிட்டாலும், மேலே இருப்பவருக்கு அது தெரியாது. கயிறு தன் எடையாலும் நீரோட்டத்தின் இழுப்பாலும் மேலும் மேலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடிய கயிற்றின் நீளத்தையே ஆழம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பின்னர் கயிற்றுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி வந்தது. அதன்பின் எதிரொலி முறை வந்தது. ஒலி கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். மரியானா அகழியின் தரையைத் தொட்டுத் திரும்ப அதற்குப் பதினைந்து விநாடி போதும். 1960-ல் பிக்கார்டு, வால்ஷ் இருவரும் ‘டிரியெஸ்ட்’ என்ற கலத்தில் அந்த அகழிக்கே இறங்கினார்கள். அவர்கள் அமர்ந்திருந்த எஃகு உருண்டையின் குறுக்களவு சுமார் 2 மீட்டர். அதன் சுவரின் தடிப்பு சுமார் 12 சென்டிமீட்டர். 70 மீட்டர் நீள நாட்டிலஸின் வெளிக்கூட்டுக்கு வெர்ன் தந்த தடிப்போ வெறும் 5 சென்டிமீட்டர்! அது 16,000 மீட்டர் ஆழத்தைத் தாங்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த நாவலை நான் தூக்கி எறியவில்லை. மேலும் இரண்டு முறை படித்தேன். பலித்த கற்பனைகளை ஊரே புகழ்கிறது. பலிக்காத இடங்களே எனக்கு அதிகம் கற்றுத்தந்தன.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நாட்டிலஸின் கொள்ளளவு 15,00,000 லிட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,400 லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயு தேவை. ஆகவே அதிலுள்ள காற்று 625 பேருக்கு ஒரு நாள் போதும் என்கிறார் கதை சொல்லும் பேராசிரியர். வகுத்தல் சரிதான். ஆனால் அந்தக் கப்பலுக்குள் காற்றைத் தவிர வேறு என்னென்ன இருந்தன? பென்சிலை எடுங்கள்.