செல்போனில் ஓர் இரண்டாம் நம்பர் கணக்கு



பருப்பு விலை, வரிக் கணக்கு, தராசு முத்திரை என்று எழுதி வந்த நாங்கள், இம்முறை செல்போனைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இன்று நம் கல்லாவில் பாதி செல்போனுக்குள்தான் இருக்கிறது. ஆகவே இதுவும் கல்லா பற்றிய செய்திதான்.

கடை அடைத்ததும் அன்றன்றைய வரவு செலவைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பது என்பது எங்கள் வழக்கம். கடந்த கோடை விடுமுறையில் ஒருநாள் இரவு கணக்கு இடித்தது. 300, 500, 500 என்று மூன்று தொகைகள், ஆக மொத்தம் 1,300 ரூபாய், நாங்கள் அனுப்பாமலே போயிருந்தன. மூன்றும் பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் போனவை. அது நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். அந்நேரத்தில் கடை செல்போன் 12 வயதுப் பேரனின் கையில்தான் இருக்கும்.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் பிரவுசரைத் திறந்து அன்று பார்த்த பக்கங்களின் பட்டியலைத் தேடினார். காலையில் நாங்கள் பார்த்த மிளகாய் விலை இருந்தது. பிற்பகலில் ஒன்றுமே இல்லை. “அப்பா, தம்பி மறைநிலையில போய்ப் பாத்திருக்கான்” என்றார். மறைநிலை என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

மறைநிலை என்றால் என்ன?

க்ரோம் பிரவுசரில் மேல் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் புதிய மறைநிலைப் பக்கம் என்று ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் இன்காக்னிட்டோ என்பார்கள். தொட்டால் திரை கருப்பாகி, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு படம் தெரியும். அதற்குள் பார்க்கும் பக்கங்கள், பக்கத்தை மூடியதும் செல்போனின் பட்டியலில் நிற்பதில்லை. ஐபோனில் உள்ள சஃபாரி பிரவுசரில் இதற்குப் பிரைவேட் என்று பெயர். சஃபாரியில் இவ்வசதி 2005-இலும், க்ரோமில் 2008-இலும் வந்தது.

நம் மொழியில் சொன்னால், இது சிட்டையில் ஏற்றாத துண்டுச் சீட்டு வியாபாரம். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் நம் பேரேட்டில் ஒன்றும் இராது. ஆனால் சரக்கு கொடுத்தவரின் பேரேட்டில் இருக்கும், லாரி ஆபீசிலும் இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? மறைநிலையும் அப்படியே. நாம் போய்ப் பார்த்த இணையதளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் கம்பெனிக்கும் நம் நடமாட்டம் தெரியக் கூடும். இறக்கி வைத்த படமும் கோப்பும் செல்போனிலேயே இருக்கும். மறைநிலையில் இருந்தவர்களின் விவரங்களையும் சேகரித்ததாகக் கூகுள் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் 2020-இல் ஒரு வழக்குப் போடப்பட்டது. பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஆக, மறைநிலை வீட்டாருக்கு மறைக்குமே தவிர ஊருக்கு மறைக்காது. பிள்ளைகள் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது என்ன?

பேரனைக் கேட்டோம். முதலில் வாய் திறக்கவில்லை. நாங்கள் குரலை உயர்த்தியதும் அழத் தொடங்கினான். மருமகள் குறுக்கே வந்து, “மாமா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க, நான் கேக்குறேன்” என்றார். எங்களுக்குக் கோபம்தான், இருந்தாலும் திண்ணைக்குப் போய்விட்டோம்.

அரை மணி நேரத்தில் விவரம் தெரிந்தது. செல்போன் விளையாட்டில் வேண்டிய பொருள்களை அரை விலைக்குத் தருவதாக ஒரு தளம் சொல்லியிருக்கிறது. முதலில் 300 அனுப்பினான், பொருள் வரவில்லை. இன்னும் 500 அனுப்பினால் எல்லாம் சேர்ந்து வரும் என்றார்கள், அனுப்பினான். கடைசியாக, பணத்தைத் திருப்பித் தருவதற்கே 500 கட்ட வேண்டும் என்றார்கள். போன பணத்தைப் பிடிக்க மேலும் பணம் விட்டான். எங்கள் ரகசிய எண்ணை, நாங்கள் கடையில் அழுத்துவதைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தான்.

“முதல் தடவையே சொல்லியிருக்கலாமே அப்பா?” என்று கேட்டோம். “நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு தாத்தா” என்றான்.

மூன்றாவது தொகை போனது இந்த அச்சத்தால்தான். 300 ரூபாயோடு நிற்க வேண்டிய நட்டம் 1,300 ஆனதற்கு மறைநிலை ஒரு காரணம், எங்கள் குரல் மற்றொரு காரணம். அன்றிரவே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்தோம். பண மோசடிக்கென்று உள்ள அரசு உதவி எண் இது. எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. நாங்கள் சொல்வதற்குள் பல மணி நேரம் ஓடிவிட்டது. பணம் திரும்பவில்லை.

மூடுவது எப்படி?

ஆண்ட்ராய்டு செல்போனில் மறைநிலையை மட்டும் நிறுத்த க்ரோமுக்குள் சாதாரணமாக ஒரு பொத்தான் இல்லை. பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் மேற்பார்வைக்குள் கொண்டுவருவதே வழி. அதற்குக் கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற இலவசச் செயலி உள்ளது.

1. தாயோ தந்தையோ தம் செல்போனில் ஃபேமிலி லிங்க்கை இறக்கிக்கொள்ள வேண்டும்.

2. அதில் பிள்ளையின் பெயரில், சரியான பிறந்த தேதியுடன் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். தேதியைக் கூட்டிப் போட்டால் பிள்ளைக்குரிய பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

3. பிள்ளையின் செல்போனில் அந்தக் கணக்கைக் கொண்டு நுழைய வேண்டும். பெரியவர் எவருடைய கணக்கும் அதில் இருக்கக் கூடாது. இவ்வாறு செய்தபின் க்ரோமில் மறைநிலை வராது.

4. புதிய செயலி எதை இறக்குவதானாலும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் க்ரோமில் மூடியதை வேறொரு பிரவுசரை இறக்கித் திறந்துகொள்வார்கள்.

5. செல்போனோடு வந்த வேறு பிரவுசர் இருந்தால் அதையும் ஃபேமிலி லிங்க்கில் தடுத்து வைக்க வேண்டும். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதிக்குப் போக வேண்டும். அதனுள் உள்ளடக்கம், அந்தரங்கம் பற்றிய கட்டுப்பாடுகளை இயக்கி, வெப் கன்டென்ட் என்ற இடத்தில் ‘லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே சஃபாரியில் பிரைவேட் என்பது காணாமல் போகும். ஸ்க்ரீன் டைமுக்கென்று தனி ரகசிய எண் வைக்க வேண்டும். செல்போனைத் திறக்கும் எண்ணையே இதற்கும் வைத்தால் பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டது போலாகும்.

எங்கள் வீட்டில் மகனின் பழைய செல்போனைத் துடைத்தெடுத்து, மேற்சொன்னபடி பேரனுக்கு ஏற்பாடு செய்தோம். கடை செல்போன் இப்போது எவர் கைக்கும் போவதில்லை. ரகசிய எண்ணை மாற்றியதோடு, அழுத்தும்போது மறு கையால் மறைத்துக்கொள்ளவும் பழகிவிட்டோம். உறுப்பினர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த இரண்டை இன்றே செய்ய வேண்டும்.

யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யலாகாது?

இவ்வளவும் சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே. வயது வந்த மகன், மருமகள், மனைவி ஆகியோரின் செல்போனில் நாம் கை வைக்கலாகாது. அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மறைநிலையைத் தவறுக்கென்றே பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுவதும் பிழை. உடம்புக்கு ஏதோ என்றால் மற்றவர் அறியாமல் படித்துப் பார்க்க நினைப்பவர் உண்டு. அடுத்தவர் செல்போனில் தம் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியவருக்கும் அது நல்ல வசதிதான்.

சிறு பிள்ளைக்குச் செய்வதானாலும் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். மகன் முதலில், “அவனுக்குத் தெரியாம செஞ்சிடலாம்ப்பா” என்றார். நாங்கள் வேண்டாம் என்றோம். திருட்டுத்தனமாகப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு நாமே திருட்டுத்தனமாகப் பூட்டுவது எப்படிச் சரியாகும்? பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதை ஏன் மூடுகிறோம் என்று மகன் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவன் வளர வளர ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவதாகவும் சொன்னார்.

அன்று நாங்களும் ஒரு வாக்குக் கொடுத்தோம். பணம் போனது என்று வந்து சொன்னால், திட்டுவது பிறகு, 1930-க்குப் பேசுவது முதலில் என்று. சென்ற மாதம் பேரன் ஓடிவந்து, பரிசு விழுந்திருப்பதாக வந்த ஒரு செய்தியைக் காட்டி, “தாத்தா, இது ஏமாத்துதானே?” என்று கேட்டான். ஆமாம் என்றோம். அழித்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

துண்டுச் சீட்டு இல்லாத கணக்குதான் சுத்தமான கணக்கு என்று நம் பெரியவர்கள் பழக்கினார்கள். பிள்ளைகளின் செல்போனிலும் அதைப் பழக்குவோம். ஆனால் கணக்கைக் கொண்டுவந்து காட்டுகிறவன் மீது எரிந்து விழுந்தால், மறுநாள் முதல் அவன் காட்டாமலே இருக்கக் கற்றுக்கொள்வான். வேலை ஆட்களை வைத்து நடத்தும் நமக்கு இது தெரிந்ததுதான். வீட்டிலும் அதை நினைவில் வைப்போமாக.