வாடைக் காற்றும் வாய்ச் சுருட்டும்

மார்கழி மாதம் அந்தியூர்ப் பக்கம் விடியற்காலை நாலு மணிக்குத் தோட்டத்தில் நின்றவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெப்பமானி 18, 19 டிகிரி என்றுதான் காட்டும். ஆனால் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த உடம்போடு, முழங்கால் வரை பனியில் நனைந்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்பும்போது அந்தக் குளிர் எலும்பு வரை போகும். தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைப் பிளக்கும் என்பார்கள். அறுவடை முடிகிறவரை குளிர் விடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்த கணக்கு அது.

அந்தக் குளிருக்குத் துணையாகக் கொங்கு நாட்டு ஆண்கள் பலர் வைத்திருந்தது சுருட்டு. இன்று சுருட்டு என்றால் திரைப்படத்து வில்லனும் நட்சத்திர ஓட்டல் சோபாவும் நினைவுக்கு வருகின்றன. இங்கே அது கூரைக்கு வெளியே, இருட்டில், காற்றில் பிடித்த பொருள். கிணற்று மேட்டிலும் ஆட்டுப்பட்டிக் காவலிலும் சோளக்காட்டுப் பரணிலும் புகைந்தது. அதை ஒரு சுகம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். அதற்குப் பின்னால் ஒரு பயிரும், அந்தப் பயிரோடு பனியில் நின்றவர்களின் உழைப்பும் இருக்கின்றன.

பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட் இறங்கும்வரை, கவலை ஏற்றம்தான் தண்ணீர் கொடுத்தது. காங்கேயம் எருதுகள் ஒரு ஜோடி, சால், வடம், வால்கயிறு. வெயில் ஏறினால் எருது களைத்துவிடும் என்பதால் கோழி கூவும் முன்பே பூட்டிவிடுவார்கள். எருதுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார். கிணற்றிலிருந்து சால் ஏறித் தண்ணீரைக் கொட்டும். எருதுகளைப் பின்னுக்கு நடத்தி மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் சுருட்டுக்குப் பல்லிடுக்கு ஒன்றே இடம். பீடி நாலு இழுப்பில் தீர்ந்துவிடும்; சுருட்டு ஒரு பாத்தி நிறையும்வரை நிற்கும்.

அப்படி இறைத்த தண்ணீர் பல தோட்டங்களில் புகையிலைக்கே போனது. பவானி, அந்தியூர், கோபி, பெருந்துறை வட்டாரங்களில் புகையிலை பனிக்காலப் பயிர். ஐப்பசி, கார்த்திகையில் நாற்று நட்டு, மார்கழி, தையில் தலை கிள்ளி, சிம்பு என்னும் பக்கத் துளிர்களை ஒடித்து, மாசி, பங்குனியில் வெட்டுவார்கள். பூக்கவிடாமல் தலையைக் கிள்ளினால்தான் இலை தடிக்கும். வேரில் உண்டாகும் நிகோடினும் இலையில் அதிகமாகச் சேரும். கிள்ளியதும் கணுவுக்குக் கணு சிம்பு வெடிக்கும். அதை விடாமல் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புகையிலை இந்த மண்ணில் நிலைத்ததற்குக் கிணற்று உப்பு ஒரு முக்கியமான காரணம். நெல்லும் மஞ்சளும் ஏற்காத உப்புத் தண்ணீரைப் புகையிலை தாங்கும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த இலைக்கு வாயில் போட்டு மெல்லுகிறவர்களிடம் தனி மதிப்பு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரில் புகையிலை வாணிபத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தபோது, கோயம்புத்தூர்ச் சீமையின் இலைதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அங்கே போனது. பிறகு 1943-இல் புகையிலைக்கு மத்தியக் கலால் வரி வந்தது. கச்சா இலைக்கான வரி 1979-இல் நீங்கும்வரை கலால் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இலை நகரக் கூடாது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்த கதை ஒன்று வெளியே வரும்.

மெல்லுவதற்கு ஏற்ற அதே உப்பு, புகைப்பதற்குப் பகை. உப்பில் உள்ள குளோரைடு இலையில் ஏறினால் இலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், தீ நிற்காது. நல்ல சுருட்டுக்கு நல்ல தண்ணீர்க் கிணற்று இலையும், பொட்டாஷ் சத்துள்ள மண்ணும் வேண்டும். இந்த வட்டாரத்து விவசாயிகள் பலர் விற்றது போக மீந்த இலையைத் தாங்களே சுருட்டிக்கொண்டார்கள். எந்தக் கிணற்று இலை எரியும், எது அணையும் என்பது அவர்களுக்குப் பிடித்துப் பார்த்தே தெரியும். உப்பு இலைச் சுருட்டை மார்கழிப் பனியில் பற்ற வைத்தவர் பொழுது விடிவதற்குள் தீப்பெட்டியில் பாதியைக் காலி செய்திருப்பார்.

அந்தியூருக்கு வெளியே ஒரு தோட்டத்துச் சாளையில் எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் பற்றவைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுருட்டு அவர் மடியிலும் இல்லை, பையிலும் இல்லை. அடுப்புத் திட்டின் ஓரத்திலிருந்து எடுத்து வந்தார்.

"ஏனுங்கய்யா, அங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"பனிக்கு இது நமுத்துப் போகுங் கண்ணு. சூட்டுல கெடந்தாத்தான் பத்தும்."

காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டைத் தலையோடு இழுத்துக் குடைபோலப் பிடித்துக்கொண்டார். தீக்குச்சியைச் சுருட்டில் ஒட்டவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை விரல்களுக்கிடையே உருட்டி, நுனி வட்டம் முழுக்கச் சிவந்த பிறகே வாயில் வைத்தார். அதன்பின் நிதானம். ஒரு தடவை உறிஞ்சினால் அடுத்த உறிஞ்சலுக்கு வெகுநேரம் ஆகிறது. "சுருக்குச் சுருக்குன்னு இழுத்தா நாக்கு வெந்து போகும். அணையற மாதிரி இருக்கறப்ப மட்டும் உறிஞ்சோணும்." சாம்பலையும் அவர் தட்டுவதில்லை. சாம்பல் இருந்தால் காற்று நேரே கங்கில் படாது, சுருட்டு குளிர்ச்சியாக எரியும் என்றார்.

குளிர் நாட்டுச் சுருட்டுக்காரர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. பனி பெய்யும் ஊர்களில் குளிர்காலக் காற்று வறண்டது. வெளியே கொண்டுபோனால் மேலுறை இலை காய்ந்து வெடித்துவிடும். அதனால் சுருட்டை 65 முதல் 70 சதவிகித ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள்; வெளியே பிடிப்பதற்குக் குட்டையாகவும் தடிமனாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். வாயிலிருந்து வரும் நீராவியும் புகையோடு சேர்ந்துகொள்வதால் அங்கே ஒரு இழுப்புக்குப் பெரிய மேகமே எழும். நம்மவருக்கு மேகம் கிடையாது, ஈரத்தோடுதான் போராட்டம். இரு தரப்புக்கும் பொதுப் பகை காற்று. வாடைக்காலத்தில் கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கி ஓடும் காற்றில் கவனிக்காமல் பிடித்தால் சுருட்டு ஒரு பக்கம் மட்டும் ஓடி எரியும். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கரையோரத்தில் காற்று கங்கில் படாதவாறு அந்த முனையையே வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு, பெண்களிடம் அதிகம். அங்கே மேலண்ணப் புற்றுநோய் மிகுந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சுருட்டில் பேர் என்னவோ திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும்தான். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் வந்த, தான் தோன்றும் முதல் நாவலிலேயே திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலை நடத்தியது. சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் 1948-இல் வேடசந்தூரில் அமைந்தது. கொங்கு இலைக்கு அப்படி ஒரு முத்திரை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இலையைக் கையில் உருட்டியே அதன் கிணற்றைச் சொல்லக்கூடிய மனிதர்கள் இருந்த ஊர் இது. அவர்களின் அறிவை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

சுருட்டு குளிரை விரட்டும் என்று அந்தப் பெரியவர் மட்டுமல்ல, எல்லோரும் நம்பினார்கள். விரட்டாது. நிகோடின் தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்; விரல் நுனி இன்னும் சில்லிட்டுப் போகும். முகத்தருகே ஒரு கங்கு, விழிப்பு தரும் நிகோடின், வேலைக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிறுத்தம் எல்லாம் சேர்ந்து கதகதப்பாகத் தெரிந்தது. அந்த நிறுத்தத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்ற பேச்சைத்தான் ஏற்க முடியாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. நுரையீரலுக்குப் போகாமலே நிகோடின் வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். வாயிலேயே தங்கும் அந்தப் புகையால் வாய்ப் புற்றுநோயும் வருகிறது.

சுருட்டுப் பிடிக்காதவர்களையும் அந்தப் பனி விட்டுவைக்கவில்லை. சிம்பு ஒடிக்க விடியற்காலையிலேயே இறங்கும் பெண்களின் சேலையும் கையும் இலைப் பனியில் தொப்பலாக நனையும். அந்த ஈரத்தில் கரைந்த நிகோடின் தோல் வழியே உடம்பில் ஏறித் தலைசுற்றல், வாந்தி, தலைவலி கொடுக்கும். பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவம் அதற்குப் பேர் வைத்திருக்கிறது. காட்டில் வேலை செய்தவர்கள் பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மறுபடி நிரையில் இறங்கினார்கள். பனி உலர்ந்தபின் வேலையைத் தொடங்கினாலும், கைக்கு ரப்பர் உறை கொடுத்தாலும் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். புகையிலை இன்னும் போடுகிற தோட்டக்காரர்கள் இந்த இரண்டையும் செய்தே ஆக வேண்டும். தாமதமாகத் தொடங்கியதற்காக அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளாமல் செய்ய வேண்டும்.

இன்று பெட்டிக்கடையில் கேட்டால் சுருட்டுக் கட்டு உள்ளேயிருந்துதான் வருகிறது. கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் படையல் வைக்க வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாமிக்கு முன்னால் பற்றவைத்து வைப்பதும் திறந்த வெளியில்தான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துக்கு வெளியே சுருட்டைப் பற்றவைக்கிற பெரியவர்கள் அதன்பின் இன்னும் குறைந்துவிட்டார்கள்.

நான் சந்தித்த பெரியவரின் தோட்டத்தில் புகையிலை நின்று பல காலம் ஆகிறது. மகன் மஞ்சளும் வாழையும் போடுகிறார். மோட்டார் செல்போன் அழைப்பில் ஓடுகிறது. பனியில் யாரும் காத்து நிற்பதில்லை. மேற்குக் கிணறு மட்டும் உப்பு. அந்தத் தண்ணீருக்கு மஞ்சள் வராது என்பதால் அதைச் சுற்றித் தென்னை வைத்திருக்கிறார்கள். "அந்தக் கெணத்துத் தண்ணிக்கு வெளஞ்ச பொகையில வாய்க்கு அப்படி இருக்கும். சுருட்டுக்கு ஆகாது" என்றார் பெரியவர். இப்போது அவர் பிடிக்கும் சுருட்டு அந்தியூர்க் கடையில் வாங்கியது. அந்த இலை எந்தக் கிணற்றுடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை.