தலைமாட்டில் துப்பாக்கி!

திருடன் வந்தால் கைக்கு எட்ட வேண்டும். குழந்தை வந்தால் எட்டக் கூடாது. இது எப்படி முடியும்? அமெரிக்காவில் ஓயாத ஒரு வழக்கின் கதை.

நள்ளிரவு. வீடு அடங்கிவிட்டது. பின்கட்டுக் கதவில் "கடக்" என்று ஒரு சத்தம். கண்ணாடி உடையும் ஓசை. யாரோ உள்ளே வருகிறான்!

போலீசுக்கு டெலிபோன் செய்யலாம். ஆனால் போலீசார் வந்து சேரச் சில நிமிஷங்களாவது ஆகுமே! அதுவரை என்ன செய்வது?

அமெரிக்காவில் பல வீடுகளில், அந்த நேரத்தில் வீட்டுக்காரரின் கை கட்டிலை ஒட்டிய மேஜை டிராயருக்குப் போகும். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். சில வீடுகளில் அதில் ரவை போட்டுத் தயாராகவே வைத்திருப்பார்கள்.

உலகில் வேறு எந்த நாட்டிலும் பொதுமக்களிடம் இத்தனை துப்பாக்கிகள் இல்லை. 2017-ம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம். மக்கள்தொகையோ அப்போது 33 கோடிக்கும் குறைவு. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்!

முன்பெல்லாம் "எதற்கு ஐயா துப்பாக்கி?" என்று கேட்டால், "வேட்டைக்கு" என்று சொல்பவர்களே அதிகம். 1999-ல் எடுத்த ஒரு கணக்கில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 49 பேர் வேட்டை என்றார்கள். தற்காப்பு என்றவர்கள் 26 பேர்தான். 2013-ல் இது தலைகீழாக மாறியது. தற்காப்பு என்றவர்கள் 48 பேர். வேட்டை என்றவர்கள் 32 பேர்.

வேட்டைத் துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் பாதகமில்லை. மான் காத்திருக்கும். திருடன் காத்திருப்பானா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பகலில் துப்பாக்கி, இரவில் வெறுங்கை

தலைநகரான வாஷிங்டனில் 1976-ல் ஒரு கடுமையான சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி, பொதுமக்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நீண்ட துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் அதில் ரவை இருக்கக் கூடாது. அதைத் துண்டு துண்டாகக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விசையில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும்.

அந்த ஊரில் டிக் ஹெல்லர் என்று ஒரு காவலர் இருந்தார். மத்திய சர்க்காரின் நீதித்துறைக் கட்டடத்தில் அவருக்கு வேலை. வேலை நேரத்தில் அவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வெறுங்கைதான்!

"சர்க்கார் கட்டடத்தைக் காக்க என்னிடம் துப்பாக்கி கொடுக்கலாம். என் வீட்டைக் காக்க நான் ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா?" இதுதான் அவருடைய கேள்வி. வீட்டில் கைத்துப்பாக்கி வைக்க மனுச் செய்தார். மனு தள்ளப்பட்டது. 2003-ல் அவரும் வேறு சிலரும் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு படிப்படியாக ஏறி, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

கோர்ட்டில் சிரிப்பு

2008 மார்ச் 18-ந் தேதி விசாரணை நடந்தது. நாட்டின் அரசியல் சட்டம், 1791-ம் ஆண்டின் இரண்டாவது திருத்தம் என்று பெரிய பெரிய விஷயங்களையெல்லாம் வக்கீல்கள் அலசினார்கள். ஆனால் கேட்டவர்கள் மனதில் நின்றது ஒரு சின்னக் கேள்வி.

"விசைப் பூட்டைத் திறந்து துப்பாக்கியில் ரவை போட எத்தனை நிமிஷம் ஆகும்?" என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டார்.

பூட்டைத் திறக்கத் தமக்கு மூன்றே விநாடிதான் ஆயிற்று என்றார் நகர சபையின் வக்கீல். அதுவும் பகல் வெளிச்சத்தில்!

நீதிபதிகள் விடவில்லை. நடுராத்திரியில் விழிக்கிறோம். முதலில் விளக்கைப் போட வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். பிறகு பூட்டின் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். அதுவரை திருடன் என்ன செய்துகொண்டிருப்பான்? கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

ஜூன் 26-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம். நான்கு நீதிபதிகள் மறுபக்கம். ஹெல்லர் ஜெயித்தார்!

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. வீட்டுக் காவலுக்கு மக்கள் ஏன் கைத்துப்பாக்கியை விரும்புகிறார்கள் என்று அவர் காரணங்களை அடுக்கினார். அவசரத்தில் சட்டென்று எடுக்கும்படி வைக்கலாம். எதிரி எளிதில் பிடுங்க முடியாது. உடல் வலு குறைந்தவர்களும் தூக்கலாம். ஒரு கையால் திருடனைக் குறி வைத்துக்கொண்டு, மறு கையால் போலீசுக்கு டெலிபோன் செய்யலாம்!

அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். விபத்தைத் தடுக்கும் பொருட்டு, துப்பாக்கியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று விதி செய்யும் சட்டங்கள் இதனால் செல்லாமல் போய்விடாது என்பதே அது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அதன் பிறகு பல வழக்குகள் நடந்தன.

இரண்டு ஊர்கள், இரண்டு சட்டங்கள்

இந்தத் தகராறில் அமெரிக்கர்கள் எப்படிப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பதற்கு இரண்டு சிறிய ஊர்களே சாட்சி.

இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் குரோவ் என்று ஓர் ஊர். 1981-ல் அங்கே "ஒருவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது" என்று சட்டம் போட்டார்கள்.

செய்தி ஜார்ஜியா மாநிலத்துக்கு எட்டியது. அங்கே கென்னசா என்ற ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1982-ல் பதிலுக்கு அவர்களும் ஒரு சட்டம் போட்டார்கள். "குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் வீட்டில் துப்பாக்கியும் ரவையும் வைத்தே தீர வேண்டும்!" என்பது அந்தச் சட்டம். ஏழைகள், உடல் ஊனமுற்றவர்கள், மனச்சாட்சிப்படி துப்பாக்கியை விரும்பாதவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. சட்டம் ஏட்டில் இருந்ததே தவிர, துப்பாக்கி இல்லை என்பதற்காக யாரையும் பிடித்துத் தண்டிக்கவில்லை.

மார்ட்டன் குரோவ் சட்டம் 2008 தீர்ப்புக்குப் பிறகு ரத்தாயிற்று.

டாக்டர்கள் எண்ணிய சாவுகள்

வக்கீல்கள் உரிமையைப் பேசினார்கள். டாக்டர்களோ பிணங்களை எண்ணினார்கள்.

சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில், 1978 முதல் 1983 வரை நடந்த துப்பாக்கிச் சாவுகளை இரண்டு டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 1986-ல் வெளியாயிற்று. துப்பாக்கி வைத்திருந்த வீடுகளுக்குள் நடந்த சாவுகள் 398. அவற்றில் வீடு புகுந்தபோது சுடப்பட்டவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! தற்காப்புக்காகச் சுடப்பட்டவர்கள் இன்னும் ஏழு பேர்.

மற்றவர்கள்? தற்காப்பில் நடந்த சாவு ஒன்றுக்கு, தற்கொலைகள் 37. கொலைகள் 4.6. விபத்துச் சாவுகள் 1.3.

திருடனுக்காக வாங்கி வைத்தது, வீட்டாரையே அதிகம் கொண்டுபோயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

"இந்தக் கணக்கு சரியில்லை" என்கிறார்கள் துப்பாக்கி ஆதரவாளர்கள். செத்த திருடனை மட்டும் எண்ணினால் போதுமா? துப்பாக்கியைக் கண்டதும் ஓட்டம் பிடித்த திருடனை யார் எண்ணுவது? நியாயமான கேள்விதான்.

அதை எண்ணவும் சிலர் முயன்றார்கள். 1995-ல் கிளெக், கெர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் டெலிபோனில் விசாரித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். துப்பாக்கியால் தற்காத்துக்கொள்ளும் சம்பவங்கள் வருஷத்துக்கு 25 லட்சம் என்றார்கள். ஆனால் குற்றத்துக்கு ஆளானவர்களிடம் சர்க்கார் எடுக்கும் கணக்கிலோ, அது ஏறக்குறைய ஒரு லட்சம் அல்லது அதற்கும் கீழேதான் வருகிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

வழி தவறிய மாணவன்

திருடன்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால்?

1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்தது இது. ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது மாணவன் ஒருவன், நண்பனோடு மாறுவேட விருந்துக்குப் புறப்பட்டான். வெள்ளை சூட் அணிந்திருந்தான். கையில் ஒரு காமிரா. விருந்து வீடு என்று நினைத்து வேறொரு வீட்டில் மணி அடித்துவிட்டான்.

கதவைத் திறந்த அம்மாள் பயந்துபோய்க் கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்து வந்தார். "அசையாதே!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்தச் சொல் மாணவனுக்குப் புரிந்ததோ, இல்லையோ! விருந்துக்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு! பையன் செத்துப்போனான்.

1993-ல் ஜூரிகள் அந்த வீட்டுக்காரரை விடுதலை செய்தார்கள். மறு வருஷம் சிவில் வழக்கில், பெற்றோருக்கு ஆறரை லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. பணம் வந்து என்ன? பையன் வருவானா?

சின்னக் கைகள்

துப்பாக்கியில் ரவை போட்டு, பூட்டாமல் வைத்திருக்கும் வீடுகளில் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வாழ்கிறார்கள் என்று 2015-ல் எடுத்த ஒரு கணக்கு சொல்லிற்று. "எங்கே வைத்திருக்கிறேன் என்று குழந்தைக்குத் தெரியாது" என்பார் தகப்பனார். மிட்டாயை ஒளித்து வைத்த இடத்தைக் கண்டுபிடிக்கிற குழந்தைக்கு இது தெரியாதா?

1989-ல் புளோரிடா மாநிலம் முதன்முதலாக இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. குழந்தை கைக்குத் துப்பாக்கி எட்டும்படி வைத்தால், வைத்தவர் குற்றவாளி. பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

2021 நவம்பர் 30-ந் தேதி, மிச்சிகன் மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் சுட்டதில் நான்கு மாணவர்கள் மாண்டார்கள். துப்பாக்கி, தகப்பனார் வாங்கியது. 2024-ல் தாய், தகப்பன் இருவருமே தண்டிக்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 வருஷம் சிறை!

பூட்டினால் பலன் உண்டா? உண்டு என்கிறது 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. துப்பாக்கியைப் பூட்டுதல், ரவையைக் கழற்றுதல், ரவையைத் தனியாக வைத்தல், ரவையையும் பூட்டுதல் என்ற நான்கில் எதைச் செய்தாலும், இளம் வயதினர் விபத்திலும் தற்கொலையிலும் சாவது குறைவாக இருந்தது.

அந்த ஒரு நிமிஷம்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றால் கொலைதான் நினைவுக்கு வரும். உண்மை அப்படி அல்ல. 2021-ல் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்!

துயரமும் வெறுப்பும் மனிதனுக்கு வரும், போகும். அந்தக் கெட்ட நேரத்தைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். கைக்கெட்டும் துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

இஸ்ரேல் இதை அனுபவத்தில் கண்டது. வார விடுமுறையில் வீட்டுக்குப் போகும் இளம் ராணுவ வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்று 2006-ல் உத்தரவு போட்டார்கள். வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. துப்பாக்கி ஒழியவில்லை, எட்டும் தூரம்தான் மாறியது!

நடுவே ஒரு பெட்டி

அப்படியானால் தனியாக இருக்கும் ஒரு பெண்ணோ, வயோதிகரோ என்ன செய்வது? அவர்களுடைய பயமும் பொய் அல்லவே!

இதற்கு வந்த சமரசம்தான் விரைவில் திறக்கும் சிறு இரும்புப் பெட்டி. கட்டிலோடு அல்லது சுவரோடு சேர்த்து முடுக்கி வைக்கலாம். நான்கு பொத்தான்களை வரிசையாக அமுக்கினால், அல்லது விரல் ரேகையைக் காட்டினால் திறந்துகொள்ளும். இருட்டிலும் திறக்கலாம். மூக்குக் கண்ணாடி வேண்டாம்! பேட்டரி தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், அடிக்கடி திறந்து பழகுவதும் முக்கியம்.

சான்பிரான்சிஸ்கோ நகரம் வீட்டில் உள்ள கைத்துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கவேண்டும், உடலோடு வைத்திருக்கும்போது மட்டும் பூட்ட வேண்டாம் என்று விதி செய்தது. அதை எதிர்த்து வழக்கு வந்தது. "இந்தக் காலத்துப் பெட்டிகளை விரைவாகத் திறக்க முடியும், ஆகையால் தற்காப்புக்குப் பங்கமில்லை" என்ற கருத்தில், 2014-ல் மேல்கோர்ட்டு விதியை ஏற்றது. 2015-ல் அந்த அப்பீலை விசாரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. இரண்டு நீதிபதிகள் மட்டும் அதை ஆட்சேபித்தார்கள்.

ஆக, வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரு கட்சியிலும் உள்ள விவேகிகள் ஒத்துப்போகிறார்கள். திருடன் ஆயுளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். குழந்தையோ தினமும் அந்த அறைக்குள் வருகிறது. மனக்கஷ்டமும் சொல்லாமல்தான் வருகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு விநாடி தாமதம் என்பது திருடன் விஷயத்தில் ஆபத்தாக இருக்கலாம். மற்ற இருவர் விஷயத்தில் அந்த இரண்டு விநாடிதான் உயிர்!