ஒற்றைக் காலில் நில்லுங்கள், பார்க்கலாம்!

இதைப் படிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சுவர் ஓரமாகப் போய், தடுமாறினால் கையால் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நில்லுங்கள். ஒரு காலைத் தூக்குங்கள். மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். நின்றுவிட்டீர்களா? சபாஷ்!

இப்போது அதே மாதிரி நின்று கண்களை மூடுங்கள். என்ன, உடம்பு ஆடுகிறதா? பலர் பத்து எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிடுவார்கள். கால் அதே கால்தான். பிறகு ஏன் ஆடுகிறது?

நம்மை விழாமல் காக்க மூன்று தூதர்கள் இருக்கிறார்கள். முதல் தூதர் கண். இரண்டாவது தூதர் காது! காதுக்கு உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். தலை திரும்பினால் அந்தத் திரவம் அசைந்து, மூளைக்குச் செய்தி போகும். மூன்றாவது தூதர் உங்கள் பாதமும், தசைகளும், மூட்டுகளும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று இவை சொல்லும். இந்தச் செய்திகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, தசைகளைத் திருத்தி இயக்குவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணை மூடினால் ஒரு தூதருக்கு லீவு! மற்ற இருவருக்கும் வேலை கூடிவிடுகிறது.

விளையாட்டு வீரர்களில் யாருக்குச் சமநிலை அதிகம்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு பல விளையாட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முதலிடம் ஜிம்னாஸ்டிக் வீரர்களுக்கு. அடுத்து கால்பந்து வீரர்கள், பிறகு நீச்சல் வீரர்கள். கூடைப்பந்து வீரர்கள் இவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஜிம்னாஸ்டிக்கில் பெண்கள் ஏறி நிற்கும் உத்தரத்தின் அகலம் வெறும் 10 சென்டிமீட்டர்! தரையிலிருந்து அதன் உயரம் 125 சென்டிமீட்டர். அதன் மேல் அவர்கள் குதித்துத் திரும்புவார்கள். கால்பந்து வீரரோ பந்தை உதைக்கும் ஒவ்வொரு முறையும் மறு காலில் நின்றாக வேண்டும். எதைத் தினம் செய்கிறோமோ, அதை உடம்பு கற்றுக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைகீழாகக் கைகளில் நிற்கத் தெரிந்த ஜிம்னாஸ்டிக் வீரர்கள், இரண்டு காலில் சும்மா நிற்கும்போது மற்றவர்களைப் பெரிதாக மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சமநிலை. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

எங்கள் துவாக்குடித் தெருவில் சாயங்காலம் சிறுமிகள் சில்லு போட்டுப் பாண்டி ஆடுவார்கள். ஒற்றைக் காலில் தாவி, கோட்டை மிதிக்காமல், குனிந்து சில்லை எடுக்க வேண்டுமே! அதுவும் அருமையான சமநிலைப் பயிற்சிதான். காசு பணம் எதுவும் வேண்டாம். ஒரு கரித்துண்டு போதும்.

இனி, முக்கியமான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-ல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் ஒரு பேருந்து அவருடைய வலது காலில் ஏறியது. அந்தக் கால் நிரந்தரமாக ஊனமடைந்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டு எது தெரியுமா? உயரம் தாண்டுதல்! ஓடி வந்து, ஒற்றைக் காலில்தான் எம்ப வேண்டும் என்பது அதன் விதி. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிசில் வெண்கலம். இரண்டு காலும் ஒரே மாதிரி இல்லாத உடம்பு, தனக்கென்று ஒரு சமநிலையைப் பழகிக்கொண்டது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு மாணவனின் முகம் நினைவுக்கு வருகிறது. முப்பது வருடங்களுக்கு முன்னால், கால் சற்று வளைந்திருந்த ஒரு பையன் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தான். "விழுந்துடுவேப்பா, நீ ஸ்கோர் எழுது" என்று நோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். அன்பினால்தான் சொன்னேன். ஆனாலும் அது தப்பு. விழாமல் யாரும் நிற்கக் கற்றதில்லை. அவனுக்கு விழுவதற்கான வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, தினமும் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். இடது, வலது இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். போன வாரத்தைவிட ஆட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, உங்கள் வகுப்பில் அடிக்கடி தடுமாறும் தோழன் இருந்தால் சிரிக்காதீர்கள், ஓரமாக உட்கார வைக்காதீர்கள். "வாடா, நீயும் ஆடு" என்று கூப்பிடுங்கள். அவன் விழுந்தால் கை கொடுங்கள்.

எங்கே, இன்னொரு தடவை கண்ணை மூடி நில்லுங்கள், பார்க்கலாம்!