பழுதின் காரணம் நாடுதல்

புதுச்சேரியைச் சேர்ந்த தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்பேட்டை உண்டு. அத்தகைய இடத்தில் எந்திரம் ஒன்று நின்றுவிடின், கைதேர்ந்த தொழிலாளி அதனை முழுவதும் பிரிக்கத் தொடங்கமாட்டார். இறுதியாக மாற்றப்பட்ட உறுப்பு யாது என்றே முதலில் வினவுவார். மடிக்கணினிக்கும் இம்முறையே பொருந்தும்.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வது இயங்குதளம். அதன் குறைகளைக் களையப் புதுப்பிப்புகள் வருகின்றன. அவை, திரை, ஒலி முதலியவற்றை இயக்கும் பழைய மென்பொருள்களோடு ஒவ்வாவிடின் கணினி அடிக்கடி செயலிழக்கும்.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான சீட்டுகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. இன்றியமையாப் பகுதிகள் மட்டும் இயங்கும் 'பாதுகாப்பு நிலை'யில் கணினியைத் தொடங்கி, பிழையான கோப்பு ஒன்றை நீக்கியதும் பல கணினிகள் மீண்டும் இயங்கின.

நாமும் அவ்வாறே செய்யலாம். முதலில் நம் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர்ப் பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடங்குக. அங்கே அது சீராக இயங்கின், பழுது பெரும்பாலும் மென்பொருளில்தான் இருக்கும். இறுதியாக வந்த புதுப்பிப்பை நீக்கிப் பார்க்க. திருத்தம் வந்தபின் மீண்டும் நிறுவுக.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் நன்று. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர்க்குப் பழுது நீங்கினும் அதன் காரணம் விளங்காது. காரணம் விளங்காத பழுது மீண்டும் வருமன்றோ?