ஞானத்தின் முகவரிகள் – 9: நீலகிரி

ஞானம் என்பதற்குச் சமயங்கள் தரும் பொருள் ஒன்று. ஐரோப்பிய வரலாறு தரும் பொருள் வேறொன்று. பௌத்தத்தில் அது கயையின் அரச மரத்தடியில் சித்தார்த்தர் அடைந்த போதி. துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி ஆகிய நான்கையும் அவர் தானே ஆராய்ந்து கண்டார். அத்வைதத்தில் புதிதாக அடைய எதுவும் இல்லை. ஆன்மாவும் பிரம்மமும் வேறல்ல என்பதை மறைத்து நிற்கும் அவித்தை விலகுவதே ஞானம். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக ஞானத்தை வைக்கிறது. இறையருள் இல்லாமல் அது கைகூடாது என்கிறது.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா கண்ட அறிவொளி இவற்றிலிருந்து மாறுபட்டது. 1784-இல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் இம்மானுவேல் கான்ட் அதை வரையறுத்தார். மனிதன் தானே வரவழைத்துக்கொண்ட சிறுபிள்ளைத்தனத்திலிருந்து வெளியேறி, பிறர் கைப்பிடித்து நடத்தாமலேயே தன் அறிவைப் பயன்படுத்தத் துணிவதுதான் அது. அதற்குத் தேவை குருவோ தவமோ அல்ல. பள்ளி, அச்சகம், பத்திரிகை, தடையற்ற பொது விவாதம்.

ஒன்று மனிதனுக்குள் நிகழ்வது, மற்றொன்று சமூகத்தில் நிகழ்வது என்று இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது வழக்கம். நீலகிரியில் 1870-களில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தவை இந்தப் பிரிவுக்குள் அடங்கவில்லை. ஞானம் யாருக்கு உரியது என்ற கேள்வி இங்கே இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. கோயிலும் பள்ளியும் ஒருசேர மறுக்கப்பட்டவர்களே அந்தக் கேள்வியை முதலில் எழுப்பினார்கள்.

மலையில் முளைத்த நகரம்

தோடர், படுகர், கோத்தர், குறும்பர், இருளர் வாழ்ந்த நீலகிரிக்குக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் வந்தார். உதகமண்டலம் நகரமானது அதற்குப் பிறகுதான். சின்கோனாவும் தேயிலையும் மலைச்சரிவுகளை நிறைத்தன. 1870 முதல் சென்னை மாகாண அரசு கோடை மாதங்களில் உதகைக்கு இடம்பெயர்ந்தது. துரைகளுடன் சமவெளியிலிருந்து பட்லர்களும் எழுத்தர்களும் தோட்டத் தொழிலாளர்களும் மலையேறினார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். சாதியும் கூடவே மலையேறியது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இறுகிப்போன ஊர் ஒழுங்கு இந்தப் புதிய நகரத்தில் இல்லை. மாதச் சம்பளமும் ஆங்கிலப் பழக்கமும் பத்திரிகை வாசிப்பும் இவர்களில் சிலருக்கு வாய்த்தன. பின்னாளில் வட்டமேசை மாநாடு வரை சென்ற இரட்டைமலை சீனிவாசன் இளமையில் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். இதே சூழலில் வளர்ந்தவர்தான் அவருடைய உறவினரான அயோத்திதாச பண்டிதர்.

அத்வைதத்திலிருந்து புத்தருக்கு

அயோத்திதாசர் 1845-இல் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன், தன் ஆசிரியரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியைக் கந்தப்பன் துரையிடம் கொடுத்ததாகவும், அவர் வழியாக அது ஆங்கிலேய அதிகாரியும் தமிழறிஞருமான எல்லிஸ் கைக்குச் சேர்ந்ததாகவும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். தமிழ், சித்த மருத்துவம், பாலி, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றில் அவருக்குப் பயிற்சி இருந்தது.

1870-களில் நீலகிரியில் அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் அத்வைதானந்த சபை. அதன் தர்க்கம் நேரடியானது. எல்லா உயிரிலும் இருப்பது ஒரே பிரம்மம் என்றால் பிறப்பால் தாழ்ந்தவன் எப்படி இருக்க முடியும்? தத்துவம் ஒப்புக்கொண்டதை நடைமுறையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்.

1891 டிசம்பர் 1 அன்று அவர் நிறுவிய திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. மோட்சத்தைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், மேற்படிப்புக்கு உதவித்தொகை வேண்டும், படித்தவர்களுக்கு அரசு வேலை வேண்டும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது, சாதிப் பெயரை வசையாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்க வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளே இருந்தன. ஐரோப்பிய அறிவொளியின் நடைமுறைப் பட்டியல் என்றே இதைச் சொல்லலாம்.

அத்வைத நம்பிக்கை உடைந்த இடம் சென்னை. 1892-இல் சென்னை மகாஜன சபை விக்டோரியா மண்டபத்தில் கூடியபோது, சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் தம் மக்களை ஏன் விடக்கூடாது என்று அயோத்திதாசர் கேட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்றார் அயோத்திதாசர். அடுத்து அவர் கேட்டவை இரண்டு: நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, தரிசு நிலம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898-இல், தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் எனத் தமிழ்த் தொழிலாளர்கள் பிழைக்கப் போன இடங்களில் முளைத்தன. 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆனது. 1914-இல் இறக்கும்வரை அவர் அதில் எழுதிவந்தார்.

அவர் காட்டிய புத்தர், மரத்தடியில் கண்மூடி உலகை மறந்தவர் அல்லர். ஆராய்ந்து அறிந்து, அறிந்ததை மக்களின் பயன்பாட்டுக்குக் கொடுத்தவர். பண்டிகைகளுக்கு அவர் தந்த விளக்கங்களில் இது தெளிவாகத் தெரியும். தீபாவளி நரகாசுரன் கதையல்ல. பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்துச் சோதித்து, தலைக்குத் தேய்த்துக் குளிக்க ஏற்றது என்று மக்களுக்கு அறிவித்த நாள். கார்த்திகை தீபம் ஆமணக்கு எண்ணெய் விளக்கெரிக்க வந்ததன் நினைவு. மருத்துவரின் மூளைக்கே தோன்றக்கூடிய விளக்கங்கள் இவை. இவற்றை வரலாற்று ஆதாரமாக ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் ஞானி யார் என்பதற்கு அயோத்திதாசர் வைத்த அளவுகோல் இவற்றில் இருக்கிறது: கண்டுபிடித்ததைப் பொதுவில் வைப்பவரே ஞானி.

அவருடன் இயங்கிய பேராசிரியர் பொ. லட்சுமி நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல் அறிவியல் கண்ணோட்டத்தில் புத்தரை அறிமுகப்படுத்தியது. அதன் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

பெர்ன்ஹில் குருகுலம்

அயோத்திதாசர் கைவிட்ட அத்வைதத்தை வைத்தே அதே கேள்வியைக் கேரளத்தில் எழுப்பினார் நாராயண குரு. ஈழவ சமூகத்தில் பிறந்த அவர் இளமையில் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருத்துவாமலையில் தவம் இருந்தார். 1888-இல் அருவிப்புறத்தில் தானே சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் விடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை, கோயிலையே கட்டினார். பிறகு பள்ளிகளையும் நூலகங்களையும் கட்டச் சொன்னார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து, ராமகிருஷ்ணரைப் பற்றிய தம் நூலில் நாராயண குருவைச் செயலில் இறங்கிய ஞானியாகக் குறிப்பிட்டார்.

நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு (1895–1973) நீலகிரிக்கு வந்தார். இவருடைய தந்தை டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் படித்தவர். சாதியின் பெயரால் திருவிதாங்கூர் அரசு வேலை மறுத்ததால் மைசூர் அரசில் சேர்ந்தவர். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மனுவைத் திருவிதாங்கூர் மன்னரிடம் கொடுத்தவரும் அவரே. மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் படித்தார். 1923-இல் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். உதகையை அடுத்த பெர்ன்ஹில், மஞ்சனக்கொரையில் அது நிலைகொண்டது. 1928-இல் ஐரோப்பா சென்றவர் ஜெனீவா அருகே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

நடராஜ குருவின் முயற்சி, பிரம்ம ஞானத்தை நம்பிக்கையிலிருந்து பிரித்து ஒரு அறிவியலாக அமைப்பது. நாராயண குருவின் ‘தர்சனமாலை’ பத்து அத்தியாயங்களில் பத்துப் பத்துச் சுலோகங்கள் கொண்டது. உலகம் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதில் தொடங்கி நிர்வாணத்தில் முடிவது. அதையே அடித்தளமாகக் கொண்டு, இயற்பியலையும் கணிதத்தையும் மேலைத் தத்துவத்தையும் வேதாந்தத்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்தப் பார்த்தார். கணக்கு வகுப்பில் வரையும் கிடை அச்சையும் நெடு அச்சையும் கொண்டு மனித அனுபவங்களை வரைந்து காட்டினார். பல பொருள்களாகப் பிரிந்து மோதும் உலகம் கிடை அச்சில் வரும். விழுமியங்களும் அவற்றின் ஒருமையும் நெடு அச்சில் வரும். அறிவியலாளர்கள் இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஞானம் பரிசோதிக்கவும் விவாதிக்கவும் கற்பிக்கவும் கூடியது என்ற நிலைப்பாடு குருகுலத்தில் வேரூன்றியது. சாதி, மதம், நாடு பாராமல் மாணவர்கள் அங்கே வந்து படித்தார்கள்.

1948, உதகை

ஞானத்தைக் கற்பிக்கவே முடியாது என்று சொன்னவரும் இதே மலையில் தங்கினார். ஜே. கிருஷ்ணமூர்த்தி, நடராஜ குரு பிறந்த அதே 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். தியசாபிகல் சொசைட்டி அவரை உலக குருவாக வளர்த்தது. 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமன் முகாமில், தமக்காகவே அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தை அவர் கலைத்தார். உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் யாரையும் அங்கே கொண்டுசேர்க்காது என்றார். பிறர் வழிகாட்டல் வேண்டாம் என்ற இந்தக் குரலில் கான்ட்டின் சாயல் உண்டு. ஆனால் கான்ட் நம்பிய பகுத்தறிவையும் கிருஷ்ணமூர்த்தி போதுமானதாகக் கருதவில்லை. எண்ணமே பிரச்சினையின் ஒரு பகுதி என்றார்.

1948 கோடையில் உதகையின் செட்ஜ்மூர் இல்லத்தில் அவர் தங்கியிருந்தபோது பல இரவுகள் தலையிலும் கழுத்திலும் தாங்க முடியாத வலி வந்து போனது. மருத்துவரை அழைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். புபுல் ஜெயகர், நந்தினி மேத்தா என்ற சகோதரிகள் இருவரும் அறையில் உட்கார்ந்து பார்த்ததைக் குறித்துவைத்தார்கள். வலி தணிந்ததும் அவர் முகத்தில் பேரழகு தோன்றியதாக அந்தக் குறிப்பு சொல்கிறது. புபுல் ஜெயகர் 1986-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது விரிவாக இடம்பெற்றது. யோக மரபில் குண்டலினி என்று இதை விளக்குவோர் உண்டு. நரம்பு சார்ந்த நோய் என்று கருதுவோரும் உண்டு. கிருஷ்ணமூர்த்தி தம் போதனைக்கு ஆதாரமாக இதை ஒருபோதும் முன்வைக்கவில்லை. ஒருவருக்கு நேரும் அனுபவம் மற்றவருக்குச் சான்றாகாது என்பது அவர் கொள்கைக்கும் பொருந்துவதே.

காவியத்தின் வழி

நீலகிரிக்கு வெளியே, ஞானம் மனிதனுக்குள் நிகழ்வதா சமூகத்தில் நிகழ்வதா என்ற கேள்வியைத் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே கையாண்ட காப்பியம் மணிமேகலை. அதன் நாயகி வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களையும் கேட்கிறாள். அமுதசுரபியால் பசித்தோருக்குச் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அவள் துறவு பூணுவது இவற்றுக்கு இடையில்தான். விட்டு விலகி அல்ல.

நாராயண குருவின் மாணவரான மலையாளக் கவி குமாரன் ஆசான் அதே இழையை நவீன கவிதையில் தொடர்ந்தார். 1911-இல் வந்த ‘நளினி’யில், துறவியாகிவிட்ட தன் இளமைத் தோழன் திவாகரனை இமயத்தில் சந்திக்கும் நளினி, அவன் உபதேசிக்கும் உபநிடத மகாவாக்கியத்தைக் கேட்டபடியே உயிர் துறக்கிறாள். காதலும் முக்தியும் ஒரே கணத்தில் நிகழ்வதாக ஆசான் எழுதினார். 1922-இல் வந்த ‘சண்டாளபிக்ஷுகி’யில் புத்தரின் சீடர் ஆனந்தர் சண்டாளப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். நீலகிரித் தீர்மானங்கள் பொதுக் கிணற்றில் கேட்ட உரிமைதான் இங்கே கவிதையாகிறது.

நடராஜ குருவுக்குப் பின் 1973-இல் குருகுலத்தின் தலைமையை ஏற்ற நித்ய சைதன்ய யதி (1924–1999) ‘நளினி’யைப் பற்றித் தனி நூலே எழுதினார், அது கேரள சாகித்ய அகாதமி விருது பெற்றது. சென்னை விவேகானந்தா கல்லூரியில் தத்துவம் கற்பித்த யதி, நாராயண குருவின் ‘ஆத்மோபதேச சதக’த்தின் நூறு பாடல்களை அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் நாள்தோறும் பாடமாக நடத்தினார். உளவியல், ஓவியம், இசை, இலக்கியம் எல்லாமே அவருக்கு அறிதலின் வழிகள். பெர்ன்ஹில்லில் அவரைத் தேடி எழுத்தாளர்கள் வந்தார்கள். அவரைத் தம் ஆசிரியராகச் சொல்லும் ஜெயமோகன் வழியாக இந்தச் சிந்தனை தமிழ்ப் புனைவுக்குள் வந்தது. யதியின் பெயரால் உதகையில் தமிழ் இலக்கியக் கூடுகைகள் நடந்திருக்கின்றன.

அயோத்திதாசரின் எழுத்துகள் நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்தன. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே அவை பரவலாக வாசிக்கப்படுகின்றன. நீலகிரியின் சிந்தனையாளர்கள் பதில்களில் ஒன்றுபடவில்லை. அயோத்திதாசருக்கு அத்வைதம் ஏமாற்றிய தத்துவம். நடராஜ குருவுக்கு அதுவே அறிவியல். குருகுலத்துக்கு ஆசிரியர் இன்றியமையாதவர். கிருஷ்ணமூர்த்திக்கு ஆசிரியரே தடை. ஆனால் பிறப்போ சாத்திரமோ ஞானத்தின் வாசலில் காவல் நிற்கக் கூடாது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

(தொடரும்)