சோம்பல் அல்ல, சுரப்பிக் குறை

களைப்பு, உடல் பருமன், முடி உதிர்தல், மலச்சிக்கல், மறதி. இவற்றைத் தனித்தனியே சொன்னால் ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. களைப்புக்கு வேலைப்பளு, பருமனுக்கு வாய்க்கட்டு இல்லாமை, முடி உதிர்வதற்கு உப்புத் தண்ணீர், மறதிக்கு வயது. இவை அனைத்தும் ஒருவரிடமே ஒருசேரத் தோன்றும்போதுகூட, கழுத்தின் முன்புறத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பியை நினைப்பவர்கள் குறைவு.

சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு, 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், பரிசோதிக்கப்படும் வரை தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆனால், இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது பொருளியல் கணக்கும்தான்.

எங்கள் அரியக்குடியில் ஐம்பதைக் கடந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வை போர்த்திக்கொள்வார். குரல் கரகரத்தது, முகம் ஊதியது. ஈராண்டுகளில் தலைக்குத் தைலம், மூட்டுக்குக் களிம்பு, கொழுப்பைக் குறைக்க மாத்திரை என்று பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. சில நூறு ரூபாயில் முடியும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நடந்தது. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பும் கூடும் என்பதை அதற்கு முன் யாரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. குரல் மாற்றத்தையாவது நாங்கள் கவனித்திருக்கலாம். அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரால் பெயர் பெற்ற ஊர் அல்லவா இது!

டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. சந்தையில் சரக்கு வரத்துக் குறைந்தால் வாங்குவோர் குரல் உயர்வதைப் போல, தைராய்டு சுரப்பு குறையும்போது இந்தக் கட்டளையின் அளவு உயர்கிறது. எனவே, டிஎஸ்எச் அதிகம் என்றால் பெரும்பாலும் தைராய்டு குறைவு என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சற்றே உயர்ந்திருந்தால் உடனே மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சுரப்பு மிகுந்தால் அறிகுறிகள் நேர்மாறானவை: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, தூக்கமின்மை, சிலருக்குக் கண்கள் பிதுங்குதல். முதியவர்களிடம் இவை எதுவும் தெளிவாகத் தெரியாமல், எடை குறைவதும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் மட்டுமே வெளிப்படக்கூடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? முதலில் பெண்கள், ஆண்களைக் காட்டிலும் அவர்களுக்கே இந்நோய் பல மடங்கு அதிகம். குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தாலும், முதல் வகை நீரிழிவு போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலும், கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தாலும், லித்தியம், அமியோடரோன் மருந்துகளை உட்கொண்டாலும் வாய்ப்பு கூடும். மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் வருவதும் உண்டு. பிள்ளை பெற்றவளின் அலுப்பு என்று அது ஒதுக்கப்படுகிறது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசு தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. குறையுடன் பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே அதைக் காட்டிவிடும்.

இனி உப்புக்கு வருகிறேன். 1956-இல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில், மருத்துவ அறிஞர் வி.இராமலிங்கஸ்வாமியும் அவரது குழுவினரும் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கி ஒப்பிட்டார்கள். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. 2006 மே முதல், உணவுக்காக அயோடின் கலக்காத உப்பை விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

அப்படியிருந்தும், 2018-19 தேசிய ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம் நமக்கு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் மாநிலத்துக்கு இது பெருமையன்று. கடலுப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். உண்மையில் அது மிகச் சொற்பம். செட்டிநாட்டுச் சமையலறையில் கல்லுப்புக்கு இருக்கும் மரியாதையை நான் அறிவேன். ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் அதுவே சுவை என்பார்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்கினால் போதும். இந்துப்பு மோகம் புதிய சிக்கல்.

அதே சமயம், உப்பை மாற்றினால் தைராய்டு நோய் ஒழியும் என்று நான் சொல்லவில்லை. இன்று நடுவயதுப் பெண்களிடம் காணும் சுரப்புக் குறைவில் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் வருவது. அயோடின் மிகுந்தாலும் தீங்குண்டு. உப்பு காப்பது முதன்மையாக வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையை. மற்றவர்களுக்குத் தேவை உரிய நேரத்துப் பரிசோதனை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் குளிர் தாங்க முடியவில்லையா, குரல் மாறியதா, குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு உண்டா என்று மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். ஐயம் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். மாத்திரை வாங்கி வந்தவர்களிடம், அதை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி குடிக்க வேண்டும் என்றும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்றும் அவர்களே நினைவூட்டலாம். மேற்சொன்ன உறவினரின் வீட்டில், விடியற்காலைக் காப்பியைத் தள்ளிப்போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.